பெயர் கிடைத்தால் ஆள் கிடைத்ததாகாது

தொலைவிலிருந்து சர்வர்களைக் கண்காணிக்கும் வேலையில் இருப்பவர்களை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு: "சர்வரை ஆஃப் பண்ணது யாரு?" இரவு ஷிஃப்ட்டில் திரை சிவப்பாகிறது. சர்வர் மறுபடி எழுந்து சேவைகள் ஓடத் தொடங்கியதும் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேட்பவர் ஒற்றைப் பெயரை எதிர்பார்க்கிறார். லாக்கைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கவும் செய்கிறது. அதை அப்படியே எடுத்து மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுவது எங்கள் தொழிலில் நடக்கும் பெரிய தவறு. லாக்கில் இருப்பது ஓர் அக்கவுண்டின் பெயர். அந்த நொடியில் அந்த அக்கவுண்டை இயக்கிய மனிதர் யார் என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். அதை நிறுவ முடியுமா என்பது, சர்வர் நின்ற பிறகு தேட உட்காருபவரின் திறமையைப் பொறுத்ததாகத் தோன்றும். உண்மையில் அது பல மாதங்களுக்கு முன்பே, யாருக்கு எந்த அக்கவுண்டைக் கொடுத்தோம், லாக்கை எங்கே சேர்த்தோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. இந்த வேலை எனக்குக் கற்றுத் தந்ததில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஆளைத் தேடுவதற்கு முன் ஷட்டவுன் நடந்ததா என்று பார்க்க வேண்டும். கண்காணிப்புக் கருவி தூரத்தில் இருக்கிறது. பிங்குக்குப் பதில் வரவில்லை, ஏஜென்ட் பேசவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இடையில் ஒரு ஸ்விட்ச் நின்றாலும், ஃபயர்வால் விதி மாறினாலும், விபிஎன் அறுந்தாலும் திரையில் அதே சிவப்புதான். "ரீஸ்டார்ட் ஆனது" என்று வரும் அலர்ட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறை வழியாக 'சிஸ்அப்டைம்' என்ற எண்ணைப் படித்து, அது திடீரெனக் குறைந்தால் சர்வர் ரீஸ்டார்ட் ஆனதாக எடுத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. அது நொடியில் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட 32 பிட் எண். ஏறத்தாழ 497 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு, ஓராண்டுக்கும் மேலாக ஒருமுறைகூட நிற்காமல் ஓடிய சர்வர் இப்போதுதான் எழுந்தது என்று அலர்ட் வரும். அதோடு, அந்த எண் சொல்வது எஸ்என்எம்பி ஏஜென்ட் எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைத்தான். அந்த ஒரு சர்வீஸை மட்டும் நிறுத்தி எழுப்பினாலும் அது பூஜ்யமாகும். நடக்காத ஷட்டவுனுக்கு ஆள் தேடக் கிளம்பினால், அந்த நேரத்தில் லாகின் செய்திருந்த யாரோ ஒருவர் காரணமின்றி மாட்டிக்கொள்வார்.

ஷட்டவுன் நடந்தது உறுதி என்றால், அடுத்தது அது எந்த வகை என்ற கேள்வி. விண்டோஸ் சர்வரில் சிஸ்டம் லாக்கே இதைச் சொல்லிவிடும். முறையாக நின்றிருந்தால் ஈவென்ட் லாக் சர்வீஸ் நின்றதைக் குறிக்கும் 6006 இருக்கும். அதற்குச் சற்று முன்னால், யார் சார்பில் ஷட்டவுன் தொடங்கியது என்று சொல்லும் 1074 இருக்கும். மின்சாரம் போயிருந்தாலோ, சர்வர் உறைந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டி வந்திருந்தாலோ இவை இருக்காது. சர்வர் மறுபடி எழும்போது கெர்னல்-பவர் 41-உம், முந்தைய ஷட்டவுன் எதிர்பாராதது என்று சொல்லும் 6008-உம் பதிவாகும். 41-க்குள் பக்செக் கோடு பூஜ்யமாக இல்லை என்றால் புளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது என்று பொருள். இந்த வகைகளில் லாகின் பதிவுகளைப் புரட்டி ஆள் தேடுவது வீண். யுபிஎஸ் பதிவையும், மெமரி டம்ப்பையும், தேவைப்பட்டால் டேட்டா சென்டருக்குள் யார் போய் வந்தார்கள் என்ற பதிவேட்டையும் பார்க்க வேண்டும். 6008-இல் வரும் நேரத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். அது சர்வர் கடைசியாகத் தான் உயிரோடு இருப்பதாகக் குறித்துவைத்த நேரம். நின்ற நேரம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கலாம்.

இந்த இடத்தில் அடிக்கடி அநியாயம் நடக்கும் ஒரு பதிவைச் சொல்ல வேண்டும். எதிர்பாராத ஷட்டவுனுக்குப் பிறகு, ஷட்டவுன் உரிமை உள்ள ஒருவர் முதன்முதலாக லாகின் செய்யும்போது, முன்பு சர்வர் ஏன் நின்றது என்று விண்டோஸ் அவரிடம் ஒரு காரணம் கேட்கும். அவர் தரும் பதில் அவர் பெயரோடு 1076 என்ற ஈவென்ட்டாகப் பதிவாகும். லாக்கில் "ஷட்டவுன்" என்ற சொல்லைத் தேடும் அனுபவமில்லாதவருக்கு முதலில் சிக்குவது இந்தப் பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர், நின்ற சர்வரைப் பார்க்க ஓடி வந்தவர். நிறுத்தியவராக எண்ணி அவர்மீது பழி போடுவது, தீயை அணைக்க வந்தவரையே தீ வைத்தவராகப் பிடிப்பதற்குச் சமம். 1074-க்கும் 1076-க்கும் எண்ணில் வேறுபாடு இரண்டுதான். அதைக் கவனிக்காமல் விட்டால் போவது ஒருவரின் நற்பெயர்.

இனி 1074-ஐ நெருக்கமாகப் பார்ப்போம். அதில் ஏழு விவரங்கள் இருக்கின்றன: ஷட்டவுனைத் தொடங்கிய புராசஸ், கணினியின் பெயர், எந்த யூசரின் சார்பில், என்ன காரணம், காரணக் குறியீடு, ரீஸ்டார்ட்டா பவர் ஆஃபா என்ற வகை, யாராவது எழுதியிருந்தால் குறிப்பு. எல்லோரும் யூசர் பெயருக்குத் தாவுவார்கள். முதலில் படிக்க வேண்டியது புராசஸை. எக்ஸ்புளோரர் அல்லது ரன்டைம்புரோக்கர் என்றிருந்தால், திரைக்கு முன் ஒருவர் ஸ்டார்ட் மெனுவில் கிளிக் செய்திருக்கிறார். ஷட்டவுன்.எக்ஸி என்றால் கமாண்ட் ஓடியிருக்கிறது. அதை ஒருவர் கையால் அடித்திருக்கலாம், ஏதோ ஒரு ஸ்கிரிப்டும் அழைத்திருக்கலாம். டிரஸ்டட்-இன்ஸ்டாலர் என்றால் அப்டேட்டின் வேலை. வின்இனிட் என்றால் வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக உத்தரவு வந்திருக்க வாய்ப்பு அதிகம். டபிள்யூஎம்ஐ சார்ந்த புராசஸ் என்றால் நிர்வாகக் கருவி ஒன்று கட்டளையிட்டிருக்கிறது. காரணக் குறியீட்டின் முதல் இலக்கம் 8 என்றால், ஷட்டவுன் திட்டமிட்டது என்று தொடங்கியவர் குறித்திருக்கிறார். இன்னொன்று: 1074 இருந்தால் மட்டும் சர்வர் நின்றதாகாது. ஷட்டவுனை இடையில் ரத்து செய்தால் 1075 பதிவாகும்.

1074-இல் யூசர் பெயர் இருக்கும். அவர் எங்கிருந்து வந்தார் என்பது பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பக்கத்துப் பதிவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். செக்யூரிட்டி லாக்கில் 4624 ஒவ்வொரு லாகினையும் சொல்கிறது. அதில் லாகின் வகை 2 என்றால் கன்சோல், 3 என்றால் நெட்வொர்க், 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். கூடவே ஐபி முகவரியும் இருக்கும். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு பொறி உண்டு. பலர் லாக் ஆஃப் செய்யாமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போகிறார்கள். செஷன் அப்படியே நாள்கணக்கில் சர்வரில் கிடக்கும். அதே அக்கவுண்டைத் தெரிந்த வேறொருவர் வந்து அந்தச் செஷனில் தொடர்ந்தால், செஷனைத் தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர். செஷன் தொடங்கிய முகவரியைப் பிடித்துக்கொண்டு போனால் தவறான மேசைக்குப் போய் நிற்போம். டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர் லாக்கில் 25 என்ற பதிவு, செஷனில் மறுபடி இணைந்தவர் எந்த முகவரியிலிருந்து வந்தார் என்று சொல்லும். 1074-க்கு முன்னால் கடைசியாக இருக்கும் அந்த 25-தான் நமக்கு வேண்டியது. அந்த முகவரியும் பெரும்பாலும் எல்லோரும் கடந்து வரும் இடைநிலைச் சர்வரான ஜம்ப் சர்வரில் போய் நிற்கும். அங்கிருந்து அடுத்த லாக், அதிலிருந்து விபிஎன் பதிவு என்று படி ஏற வேண்டும். ஒரு படி உடைந்தாலும் மேலே போக வழியில்லை.

லினக்ஸ் சர்வரில் பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. ஷட்டவுன் செய்தது ரூட் என்று தெரிவதில் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலும் ரூட் உரிமையோடுதான் அது நடக்கிறது. 'லாஸ்ட்' கமாண்ட் சர்வர் எப்போது நின்றது, எப்போது எழுந்தது, அப்போது யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று காட்டும். யார் கட்டளையிட்டார் என்று காட்டாது. சூடோ வழியாகச் செய்திருந்தால் அந்தப் பதிவில் பெயர் இருக்கும். முன்பே சூடோ எடுத்து ரூட் ஷெல்லில் உட்கார்ந்துகொண்டு செய்திருந்தால் அதிலும் இருக்காது. லினக்ஸ் கெர்னலின் ஆடிட் வசதியில் இதற்கு ஓர் அருமையான விடை உண்டு. ஒருவர் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வரும்போது லாகின் யூஐடி என்ற எண் அவர்மேல் எழுதப்படுகிறது. அவர் பிறகு சூடோ எடுத்தாலும், எஸ்யூ போட்டு ரூட்டாக மாறினாலும் அந்த எண் மாறாது. அவர் தொடங்கும் ஒவ்வொரு புராசஸும் அதைச் சுமந்துகொண்டே போகும். யாரும் லாகின் செய்யாமல் சிஸ்டமே தொடங்கிய புராசஸ் என்றால் 4294967295 என்ற எண் இருக்கும். கமாண்டுகள் ஓடுவதைப் பதிவு செய்ய ஆடிட் விதி எழுதியிருந்தால், ரூட் என்ற முகமூடிக்குப் பின்னால் வந்தவர் யார் என்று இந்த ஒரு எண் சொல்லிவிடும். அந்த விதி இல்லை என்றால் ஒன்றும் சொல்லாது. அதோடு, ஜர்னலை டிஸ்க்கில் சேமிக்க ஏற்பாடு செய்யாத சர்வர்களில் அது நினைவகத்தில்தான் இருக்கும், ரீபூட்டோடு அழிந்துபோகும். நாம் தேடும் நிகழ்வே ஆதாரத்தை அழிக்கும் நிகழ்வு.

சர்வருக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத விடைகளும் உண்டு. வர்ச்சுவல் மெஷினை வெளியிலிருந்து நிறுத்தினால், உள்ளே சிஸ்டம் என்ற பெயர்தான் இருக்கும். அல்லது மின்சாரம் போனதுபோல வெறுமையாக இருக்கும். பெயர் இருப்பது வர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் விசென்டர் போன்ற கருவியின் பதிவில். விசென்டரில் அது இயல்பாக 30 நாள் வரைதான் தங்கும். டெல் சர்வரின் ஐடிராக், எச்பிஇ சர்வரின் ஐஎல்ஓ போன்ற நிர்வாகச் சில்லுகள் வழியாக நிறுத்தியிருந்தால் அவற்றின் சொந்த லாக்கைப் பார்க்க வேண்டும். அமேசான் கிளவுடில் நிறுத்தியிருந்தால் கிளவுட்டிரெயிலில், யார் அழைத்தார், எந்த முகவரியிலிருந்து அழைத்தார் என்பது இருக்கும். தனியாகச் சேமிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் 90 நாள் வரைதான் பார்க்கலாம். அந்தப் பதிவு உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரப்படி அதிகாலை 2.17-க்கு நின்ற சர்வரின் பதிவு அங்கே முந்தைய நாள் இரவு 8.47 என்று இருக்கும். இன்றைய தேதியில் தேடுபவர் "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். விண்டோஸ் டொமைனில் கணினிகளின் கடிகாரம் ஐந்து நிமிடம் வரை விலகியிருந்தாலும் லாகின் ஓடும். அதனால் அந்த விலகல் யார் கண்ணிலும் படாமலே இருக்கும். இரண்டு லாக்குகளைப் பக்கத்தில் வைத்து யார் முன், யார் பின் என்று சொல்ல வேண்டிய நாளில்தான் அந்த ஐந்து நிமிடம் தெரியவரும்.

இத்தனை படிகளையும் சரியாக ஏறி வந்தாலும், கடைசியில் 'அட்மினிஸ்டிரேட்டர்' என்ற பொது அக்கவுண்டில் போய் நின்றால் எல்லா உழைப்பும் அங்கேயே முடிந்துவிடுகிறது. பாஸ்வேர்ட் குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஜம்ப் சர்வருக்கும் எல்லோரும் அதே அக்கவுண்டில்தான் வருகிறார்கள். அப்போது நேர்மையான விடை "தெரியவில்லை" என்பது மட்டுமே. ஆனால் "தெரியவில்லை" என்ற சொல்லை யாரும் கேட்க விரும்புவதில்லை. அதனால் அந்த நேரத்தில் ஷிஃப்ட்டில் இருந்தவரின் பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெரும்பாலும் அவர் குழுவிலேயே இளையவர், எதிர்த்துப் பேச முடியாதவர். ஷிஃப்ட் பட்டியல் யார் வேலைக்கு வந்திருந்தார் என்று சொல்கிறது. யார் கட்டளையிட்டார் என்று சொல்வதில்லை. ஆதாரம் நின்ற இடத்தில் அறிக்கையும் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்தாலும் அது ஊகம். ஊகத்தை அறிக்கையில் எழுதினால் அது ஒருவரின் வேலைப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

ஆளுக்கொரு தனி அக்கவுண்டும், சர்வருக்கு வெளியே சேரும் லாக்கும் வேண்டும் என்பதே என் விடை. இதற்கு முதல் மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்தே வரும்: டொமைன் கன்ட்ரோலரே விழுந்துவிட்டால் தனித்தனி அக்கவுண்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பொது அக்கவுண்ட் ஒன்று வேண்டாமா? வேண்டும். அதை மறுக்கவில்லை. ஆனால் அவசரத்துக்கென்று வைத்த அக்கவுண்ட் அன்றாட வேலைக்குப் பயன்படக் கூடாது. அதன் பாஸ்வேர்ட் பூட்டியிருக்க வேண்டும். எடுப்பவர் தன் பெயரில் பதிவு செய்துவிட்டு எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மாற்ற வேண்டும். அதில் லாகின் நடந்த நொடியே கண்காணிப்புத் திரையில் அலர்ட் வர வேண்டும். அப்போது பொது அக்கவுண்டுக்குப் பின்னாலும் ஒரு பெயர் இருக்கும். கண்காணிப்பு ஏஜென்ட்டுகளும் பேக்கப் கருவிகளும் ஓடும் சர்வீஸ் அக்கவுண்டுகளுக்கு ஷட்டவுன் உரிமை எதற்கு என்றும் கேட்க வேண்டும். விண்டோஸில் உள்ளிருந்து ஷட்டவுன் செய்வதும், வெளிக் கணினியிலிருந்து செய்வதும் இரண்டு தனி உரிமைகள். சாதாரணச் சர்வரில் முதல் உரிமை பேக்கப் ஆபரேட்டர்கள் குழுவுக்கும் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. உரிமை உள்ளவர்கள் குறைந்தால் சந்தேகப் பட்டியலும் குறையும்.

இரண்டாவது மறுப்பு செலவைப் பற்றியது. பெரிய நிறுவனங்கள் விலை உயர்ந்த லாக் மென்பொருள் வாங்கலாம், பத்து சர்வர் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். விண்டோஸ் ஈவென்ட் ஃபார்வர்டிங் விண்டோஸோடே வருகிறது. லினக்ஸில் ஆர்சிஸ்லாக் இலவசம். ஒரு பழைய சர்வரும் கொஞ்சம் டிஸ்க்கும் போதும். விண்டோஸில் சிஸ்டம் லாக்கின் இயல்பான அளவு 20 எம்பிதான். நிரம்பியதும் பழையது அழிந்துபோகும். ஆகவே சேர்த்துவைப்பது ஆடம்பரம் இல்லை. இந்தியாவில் இது விருப்பத்துக்கு விட்ட விஷயமும் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், கணினிக் கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விவகாரம் நீதிமன்றம் போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். திரையைப் படமெடுத்து ஒட்டிய மின்னஞ்சல் அங்கே நிற்காது.

மூன்றாவது, அட்மினே லாக்கை அழித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. செக்யூரிட்டி லாக்கை அழித்தால் 1102, சிஸ்டம் லாக்கை அழித்தால் 104 பதிவாகும். அழித்தவர் பெயரும் அதில் இருக்கும். இருந்தாலும் நிறுத்தும் உரிமை உள்ளவர் கையிலேயே சாட்சியையும் விட்டுவைப்பது சரியில்லை. பதிவு பிறந்த சில நொடிகளில் சர்வரை விட்டு வெளியேறி, அந்த அட்மினின் கை எட்டாத இன்னோர் இடத்தில் போய்ச் சேர வேண்டும். தொலைக் கண்காணிப்பின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது சாவதற்கு முன் சொன்ன கடைசி வார்த்தையை வாங்கி வைப்பதும் கண்காணிப்பின் கடமை.

நான்காவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஆளைத் தேடுவதே தவறு, அமைப்பில் உள்ள குறையைத் தேடுங்கள் என்கிறார்கள். 2014 மே 27 அன்று ஜாயன்ட் என்ற அமெரிக்கக் கிளவுட் நிறுவனத்தில், புதிதாகச் சேர்த்த சில சர்வர்களை ரீபூட் செய்ய நினைத்த ஆபரேட்டர் கட்டளையைத் தவறாக அடித்ததில், ஒரு டேட்டா சென்டரின் எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் ரீபூட் ஆயின. அந்நிறுவனம் தன் அறிக்கையில், உள்ளீட்டைப் போதுமான அளவு சரிபார்க்காத கருவியையே சுட்டிக்காட்டியது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை நின்றபோதும் இதே கதைதான். ஒரு கட்டளையில் போன தவறான உள்ளீடு நினைத்ததைவிட அதிகச் சர்வர்களை எடுத்துவிட்டது. அமேசான் யார் பெயரையும் சொல்லாமல், குறைந்தபட்சக் கொள்ளளவுக்குக் கீழே போக விடாதபடி கருவியை மாற்றியது. இரண்டும் சரியான முடிவுகள். ஆனால் கட்டளையிட்டவர் யார் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்ததால்தான், அவர் என்ன நினைத்து என்ன அடித்தார் என்பது தெரிந்தது. அது தெரிந்ததால்தான் கருவியின் குறையும் தெரிந்தது. ஆளைக் கண்டுபிடிப்பது தண்டிக்க அல்ல, கேட்க. கேட்க ஆள் இல்லாவிட்டால் அமைப்பின் குறையும் ஊகமாகவே நின்றுபோகும். ஆள் யார் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில்தான் எல்லோர் மேலும் சந்தேகம் விழுகிறது. யாரும் வாய் திறப்பதில்லை.

ஆகவே எங்கள் அறிக்கையின் வாக்கியங்கள் ஆதாரத்தின் அளவுக்கே நீள வேண்டும். "இந்த நேரத்தில், இந்த அக்கவுண்டின் சார்பில், இந்தப் புராசஸ் ரீஸ்டார்ட்டைத் தொடங்கியது, அந்தச் செஷன் இந்த முகவரியிலிருந்து வந்தது, அதற்கு அப்பால் பதிவு இல்லை." வாடிக்கையாளருக்கு இது நிறைவு தராது. ஆனால் கடைசி வாக்கியம்தான் அடுத்த முறை எந்தப் படியைக் கட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்கிறது. அதைவிட நல்லது, விபத்து நடக்கும் வரை காத்திராமல் முன்பே சோதித்துப் பார்ப்பது. மாதத்தில் ஒரு நாள் ஒரு சோதனைச் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஒருமுறை, கமாண்ட் வழியாக ஒருமுறை, வேறொரு கணினியிலிருந்து ஒருமுறை, ஹைப்பர்வைசரிலிருந்து ஒருமுறை, ஐஎல்ஓவிலிருந்து ஒருமுறை நிறுத்துங்கள். யார், எப்படி நிறுத்தினார் என்று தெரியாத சக ஊழியரிடம், மையமாகச் சேர்ந்த லாக்கை மட்டும் கொடுத்துப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அவரால் சொல்ல முடியாத வழி எதுவோ, அந்த வழியாக உண்மையில் ஒரு சர்வர் நிற்கும் நாளில் உங்களிடமும் விடை இருக்காது. அன்று யாரோ ஒரு நிரபராதியைத் தேடிப் பிடிக்காமல் இருக்க வேண்டுமானால், அந்த ஓட்டையை இந்த மாதமே அடைத்துவிடுங்கள்.